23 வயது மகளிடம் பழைய வேகன்-ஆரை ஒப்படைக்கிறேன்: எந்த வேலையில் தொடங்கச் சொல்லலாம்?

அல்சூர்_அப்பா:

வணக்கம். வண்டி 2013 வேகன்-ஆர், பெட்ரோல், கே10 என்ஜின், கே.ஏ. 03 பதிவு, 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மகளுக்கு 23 வயது, ஒயிட்ஃபீல்டில் வேலை. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது, நன்றாக ஓட்டுவாள். ஆனால் பானட்டைத் திறந்ததில்லை. சர்வீஸ், இன்ஷூரன்ஸ், பஞ்சர் என்று எது வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். இனி வண்டி அவளுடையது என்று சொல்லிவிட்டேன். வேலை கற்றுக்கொள்ள அவளுக்கும் ஆசை இருக்கிறது. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அதுதான் சிக்கல். அவள் ஒரு நட்டில் இரண்டு நிமிடம் திணறினால் என் கை தானாகப் போய்விடுகிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த வரிசையில் வேலைகளைக் கொடுக்கலாம்? என்ன சாமான் வாங்க வேண்டும்? வண்டியை அவள் பெயருக்கு மாற்றுவது அவசியமா, என் பெயரிலேயே இருக்கலாமா? பார்க்கிங் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில்.

பழைய_ஸ்பேனர்:

சார், முதல்ல உங்க கை விஷயம். அவங்க வேலை செய்யும்போது ரெண்டு கையிலயும் ஏதாவது பிடிச்சுக்கங்க. டார்ச் பிடிங்க, மேனுவலைப் பிரிச்சு வச்சு வாய்விட்டுப் படிங்க. நட்டு எந்தப் பக்கம் திரும்பணும்னு கேட்டா பதில் சொல்லலாம், திருப்பிக் காட்டக் கூடாது. நீங்க குறுக்க போகவேண்டிய இடம் மூணே மூணு: வண்டி ஜாக்கியில நிக்கும்போது உடம்பு அடியில போறப்ப, சூடான ரேடியேட்டர் மூடியில கை வைக்கிறப்ப, ஓடுற பெல்ட் பக்கத்துல தலைமுடியோ துப்பட்டாவோ போறப்ப. மத்த தப்பெல்லாம் காசோட போயிரும், நடக்கட்டும்.

முதல் வேலையா ஆயில் மாத்த வைக்காதீங்க. எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா டயர் மாத்தத் தெரியாதவங்க வண்டியைத் தூக்கவே கூடாது. அதனால ஸ்டெப்னி மாத்துறதுதான் முதல் பாடம், அதை ரெண்டு தடவை செய்யட்டும். முதல் தடவை பகல்ல, நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு. ரெண்டாவது தடவை ராத்திரி, போன் வெளிச்சத்துல, வண்டியில இருக்கிற ஜாக்கியும் ஸ்பேனரும் மட்டும் வச்சு. அவுட்டர் ரிங் ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கு பஞ்சர் ஆனா கையில இருக்கப்போறது அது மட்டும்தானே.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை ரிவர்ஸ்ல போட்டு, எதிர் மூலைச் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டை வைக்கணும். பேஸ்மென்ட் தரை பெயின்ட் அடிச்சு வழவழன்னு இருந்தா ஜாக்கிக்கு அடியில ப்ளைவுட் துண்டு போடுங்க. ஹாலோ பிளாக் மேல எதையும் நிறுத்தாதீங்க, அது வளையாது, முன்னறிவிப்பே இல்லாம பொடிஞ்சிடும். டயர் தரையில இருக்கும்போதே நாலு நட்டையும் கால் சுத்து தளர்த்திட்டுத்தான் தூக்கணும். முதல்ல தூக்கிட்டு நட்டோட மல்லுக்கட்டுறப்பதான் வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். ஜாக்கி வைக்கிற இடம் கதவுக்குக் கீழ இருக்கிற மடிப்புல, முன்சக்கரத்துக்குப் பின்னாடி ரெண்டு வெட்டுக் குறிக்கு நடுவுல. விரலால தடவிப் பார்த்தா தெரியும். கழட்டின சக்கரத்தைச் சுவர்ல சாய்க்காம வண்டிக்கு அடியில படுக்கப் போடணும். ஜாக்கி விழுந்தாலும் வண்டி அதுமேல உட்காரும்.

மாட்டும்போது நட்டோட கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்திருக்கணும். எல்லாத்தையும் முதல்ல கையால, எதிரும் புதிருமா இறுக்கணும். டயர் தரையைத் தொட்ட பிறகுதான் கடைசி இறுக்கு. மாருதி சின்ன வண்டிகளுக்கு 85லேர்ந்து 100 நியூட்டன் மீட்டர் வரைக்கும் வரும், உங்க மேனுவல் போட்டிருக்கிறதுதான் கணக்கு. 25 செ.மீ. கைப்பிடியில 85ன்னா சுமார் 35 கிலோ அழுத்தம். 60 கிலோ ஆள் 40 செ.மீ. பைப்பு மேல ஏறி நின்னா 235 நியூட்டன் மீட்டர். ஸ்டட் (நட்டு ஏறுற மரைக்கம்பி) இழுபட்டுப் போயிடும், இல்ல அடுத்த பஞ்சர்ல நட்டு வரவே வராது. மரையில ஆயில், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. அதே இறுக்குக்கு ஸ்டட் கூடுதலா இழுபடும். 50, 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை மறுபடி பார்க்கச் சொல்லுங்க.

அந்தச் சாக்குல டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க எண்ணையும் படிக்கக் கத்துக்கட்டும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். பட்டன் (டயர் மேல்பக்க வரிப்பள்ளம்) எவ்வளவு நல்லா தெரிஞ்சாலும் ஆறு வருஷம் தாண்டின டயர்ல பக்கவாட்டு வெடிப்பைத் தேடணும். ஸ்டெப்னியோட தேதியையும் மறக்காம பாருங்க. பல வண்டியில அது கம்பெனியிலேர்ந்து வந்ததேதான் இருக்கும்.

இதுக்கப்புறம் ஏர் ஃபில்டர், வைப்பர், கேபின் ஃபில்டர் இருந்தா அது, பேட்டரி டெர்மினல். அடுத்து ஸ்பார்க் ப்ளக், ஆயில். பிரேக்குக்கு இப்ப அவசரமே இல்ல.

ஜெயநகர்_பேரேடு:

கேள்வி மூன்றுக்கு: மாற்றுவது அவசியம். பொறுப்பு கற்றுக்கொடுப்பதற்காக மட்டும் சொல்லவில்லை, சட்டப்படியே வித்தியாசம் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்பவர் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான். வாயால் கொடுத்ததும் சாவியை நீட்டியதும் கணக்கில் வராது. பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பழைய பெயரிலேயே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. பாலிசியில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளருக்குத்தான் செல்லும். வண்டி உங்கள் பெயரில் இருந்து மகள் ஓட்டினால் அந்தக் காப்பு அவளுக்கு இல்லை. தினம் ஓட்டப்போவது அவள், காப்பு இருப்பது உங்களுக்கு.

படிவம் 29, படிவம் 30, ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் முகவரி ஆதாரம் எல்லாவற்றையும் அவளே திரட்டட்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் 14 நாள்தான். உங்கள் நோ-க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, உங்களோடு இருக்கும். அதற்கான சான்றை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கிவிட்டால் மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் வேறு காருக்குப் பயன்படும். மகள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவாள், பிரீமியம் கொஞ்சம் கூடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்டாதீர்கள். இடித்தால் போனஸ் போகும் என்பது தன் பணத்தில்தான் உறைக்கும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி க்ளவ் பாக்ஸில் போடச் சொல்லுங்கள். தேதி, கி.மீ., செய்த வேலை, பார்ட், ரூபாய். ஒரு வேலைக்கு ஒரு வரி. பெட்ரோலுக்குப் பின்பக்கம்: பம்பில் நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும், அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி ஓடிய கி.மீ.யை நிரம்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நான்கு டேங்க் கணக்கு இருந்தால், திடீரென்று மைலேஜ் பத்து சதவீதம் இறங்கும்போது டயர் காற்றோ, பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுவதோ, ஏர் ஃபில்டரோ என்று தேடத் தோன்றும். நோட்டு இல்லாதவருக்கு அது பெட்ரோல் விலையாக மட்டும் தெரியும்.

டயர் செட், பேட்டரி, க்ளட்ச் மூன்றும் ஒரு நாள் வந்தே தீரும் செலவு. மூன்றின் இன்றைய விலையையும் அவளே மூன்று கடையில் விசாரித்துக் கூட்டி, 36ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடட்டும். 2013 வண்டி என்றால் 2028இல் பதினைந்து வருடம் முடிந்து படிவம் 25 போட்டுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து. புகைச் சான்று பி.எஸ்.-4 வண்டிக்கு வருடம் ஒரு முறை. இன்ஷூரன்ஸ் முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் எல்லாம் போய்விடும். இந்தத் தேதிகளை உங்கள் போனிலிருந்து அழித்து அவள் போனில் ஏற்றுங்கள். நீங்கள் ஞாபகப்படுத்தும்வரை அவளுக்கு ஞாபகம் வைக்கத் தேவை இல்லை.

சம்ப்_வாஷர்:

சாமான் பட்டியல் யாரும் சொல்லலை, அதனால நான். 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர் செட். அரை இன்ச் சாக்கெட் செட், ஆறு பட்டை உள்ளது. பன்னிரண்டு பட்டை வேண்டாம், பழைய போல்ட் தலையை உருட்டிடும். 16 எம்.எம். ஸ்பார்க் ப்ளக் சாக்கெட், டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்), மல்டிமீட்டர், ரெண்டு டன் ட்ராலி ஜாக்கி, தூக்கின வண்டியைத் தாங்க ஒரு ஜோடி ஸ்டாண்டு, தலையில மாட்டுற லைட்டு, நைட்ரைல் கையுறை. சாமானுக்கு எஸ்.பி. ரோடு, பார்ட்டுக்கு ஜே.சி. ரோடு. பார்ட் வாங்கப் போகும்போது ஆர்.சி.யில இருக்கிற சேசிஸ் எண்ணை எடுத்துக்கிட்டுப் போகணும். "வேகன்-ஆர் ஆயில் ஃபில்டர்"னு கேட்டா மூணு தலைமுறை வண்டி இருக்கு, ஏதோ ஒண்ணு வரும். சனிக்கிழமையே எல்லாம் வாங்கி, பெட்டியைப் பிரிச்சுப் பார்த்து வச்சுக்கங்க. வண்டி ஸ்டாண்டுல நிக்கும்போது வாஷர் இல்லைன்னா அங்கேயே நிக்கவேண்டியதுதான்.

ஆயில் எப்ப மாத்தணும்? மேனுவல்ல பத்தாயிரம் கி.மீ.ன்னு இருக்கும். ஆனா ஒயிட்ஃபீல்டு டிராஃபிக்குல சராசரி 15 கி.மீ. வேகம்னு வச்சுக்கங்க, பத்தாயிரத்துக்கு என்ஜின் 667 மணி நேரம் ஓடியிருக்கும். ஹைவேயில 60ல போற வண்டிக்கு அதே தூரம் 167 மணி நேரம். ஓடோமீட்டருக்கு ரெண்டும் ஒண்ணு, ஆயிலுக்கு இல்ல. நகரத்துக்குள்ளேயே ஓடுற வண்டிக்கு அஞ்சாயிரம்தான் என் கணக்கு. 5டபிள்யூ-30 தர ஆயில், 3.5 லிட்டர் கேன் ஒண்ணு போதும்.

என்ஜினை அஞ்சு நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி நிறுத்துங்க. கொதிக்கிற ஆயில் கையைச் சுட்டுடும், ஆறின ஆயில் அழுக்கை அடியிலேயே விட்டுட்டு வரும். முன்சக்கரம் ரெண்டும் தூக்கி, ஸ்டாண்டுல நிறுத்தி, வண்டியைக் கையால நல்லா ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில போகணும்.

புதுசா செய்யறவங்க அதிகம் மாட்டிக்கிற இடம் இது: என்ஜின் ஆயில் வடிக்கிற ப்ளக்குன்னு நினைச்சு கியர்பாக்ஸ் ப்ளக்கைத் திறந்துடுவாங்க. அப்புறம் என்ஜின்ல ஏற்கெனவே இருக்கிற ஆயிலுக்கு மேல மூணு லிட்டர் ஊத்துவாங்க, கியர்பாக்ஸ் காய்ஞ்சு ஓடும். ரெண்டும் ஒரே நாள்ல போகும். ஆயில் கறுப்பா வராம, தேன் நிறத்துல கெட்டியா, கந்தக வாடையோட வந்தா உடனே மூடிடுங்க. மூடினதோட விடாம, போன கியர் ஆயிலை நிரப்பாம வண்டியை நகர்த்தாதீங்க.

சம்ப் (என்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) ப்ளக் 17 எம்.எம். பத்து பதினஞ்சு நிமிஷம் சொட்டவிட்டு, புது வாஷர் போட்டு, மரையை முதல்ல விரலாலேயே நாலஞ்சு சுத்து ஏத்தணும். விரலால போகலைன்னா மரை குறுக்கே ஏறுதுன்னு அர்த்தம். கழட்டி மறுபடி வைக்கணும், ஸ்பேனர் போட்டுக் கட்டாயப்படுத்தினா சம்ப்பையே மாத்தவேண்டி வரும். கடைசி இறுக்கு 35 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. ஸ்பேனர்ல 14 கிலோ அழுத்தம், ஒத்தைக் கை போதும். "இன்னும் கொஞ்சம்"னு நீங்க சொல்லாதீங்க சார். அப்பாக்கள் சொல்ற அந்த இன்னும் கொஞ்சத்துலதான் மரை போகுது.

ஃபில்டரைக் கழட்டினதும் அதோட ரப்பர் வளையம் கூடவே வந்துச்சான்னு பாருங்க. என்ஜின்லேயே ஒட்டியிருந்து அதுமேல புது ஃபில்டர் மாட்டினா ரெண்டு ரப்பராகும். ஸ்டார்ட் பண்ணின சில நொடியில ஆயில் பீச்சி அடிக்கும். புது ரப்பர்ல விரலால கொஞ்சம் புது ஆயில் தடவி, ரப்பர் என்ஜினைத் தொட்ட பிறகு முக்கால் சுத்து, கையால மட்டும்.

முதல்ல 2.5 லிட்டர் ஊத்தி, ரெண்டு நிமிஷம் விட்டு, ஆயில் அளவு பார்க்கிற குச்சியைத் துடைச்சுப் பாருங்க. மேல் குறிக்குக் கொஞ்சம் கீழ வர்றவரைக்கும் சிறுகச் சிறுக ஊத்துங்க. ஸ்டார்ட் பண்ணினா ஆயில் லைட் சில நொடியில அணையணும், அணையலைன்னா நிறுத்திடுங்க. ஒரு நிமிஷம் ஓட்டி, அஞ்சு நிமிஷம் நிறுத்தி, வண்டியைச் சமதளத்துல இறக்கிக் கடைசி அளவு பாருங்க. ஃபில்டர் குடிச்ச ஆயில் அளவுக்குக் குறைஞ்சிருக்கும். மேல் குறியைத் தாண்டினா நல்லதுன்னு நினைக்காதீங்க, கிராங்க் அதுல அடிச்சு நுரையாக்கிடும், நுரைக்குப் பிரஷர் நிக்காது. ராத்திரி வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு வைங்க, காலையில சொட்டு இருந்தா எந்த இடம்னு அட்டையே சொல்லும்.

கழிவு ஆயில் அபாயகரக் கழிவுன்னு 2016 விதியிலேயே இருக்கு. பேஸ்மென்ட் சாக்கடையில ஊத்தினா அது மழைத்தண்ணி வாய்க்கால் வழியா ஏரிக்குத்தான் போகும். புது ஆயில் வந்த கேன்லேயே ஊத்தி மூடி, பழைய ஆயில் எடுத்துக்கிற ஒர்க்‌ஷாப்ல மகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்க. தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் அசோசியேஷன் விடாது, கீழ பழைய ஃப்ளெக்ஸ் பேனர் விரிச்சுக்கங்க.

அல்சூர்_அப்பா:

மூவருக்கும் நன்றி. ஸ்டெப்னி பாடம் முடிந்தது, இரவுப் பாடமும். நடுவில் ஒரு தொல்லை. மூன்று நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கிறது, சில சமயம் ஒரு "டக்" மட்டும். இரண்டு மூன்று முறை சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடும். பக்கத்து மெக்கானிக் பார்த்த பார்வையிலேயே பேட்டரி போச்சு என்றார். பேட்டரி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. இதை அவளே கண்டுபிடிக்க முடியுமா?

பழைய_ஸ்பேனர்:

முடியும் சார். பேட்டரி வாங்குற காசுக்கு முன்னாடி அரை மணி நேரம் செலவு பண்ணட்டும். மெக்கானிக் கிட்டப் போகும்போதும் இந்த வழக்கம் வேணும்: எந்த பார்ட் போச்சுன்னு நாம சொல்லக் கூடாது, என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லணும். "பேட்டரி மாத்துங்க"ன்னு கேட்டா மாத்தித்தான் கொடுப்பாங்க.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில வைக்கச் சொல்லுங்க. காலையில முதல் வேலையா, சாவி போடாம, பேட்டரியோட ரெண்டு ஈயத் தலையிலயும் முள்ளை வைக்கணும். மேல இருக்கிற க்ளாம்ப்புல இல்ல, ஈயத்துல. 12.6 முழு சார்ஜ், 12.4 பரவாயில்ல, 12.2க்குக் கீழ சார்ஜ் போதலை. முந்தின நாள் ஓட்டி நிறுத்தின உடனே எடுத்த அளவு செல்லாது, மேலோட்டமா கூட்டிக் காட்டும்.

அடுத்தது சாவி திருப்பும்போது. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், ஃபேன் பெல்ட் பக்கம் துணியும் முடியும் போகாம கட்டிக்கணும். சாவி உங்க கையில, மீட்டர் அவங்க கையில. மூணு அளவு எழுதணும். பேட்டரி தலைக்குத் தலை எவ்வளவு இறங்குது? 9.6க்குக் கீழ போனா பேட்டரிக்குத் தெம்பு இல்ல. ரெண்டாவது, நெகட்டிவ் ஈயத் தலையிலேர்ந்து என்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத உலோக இடத்துக்கு. மூணாவது, பாசிட்டிவ் தலையிலேர்ந்து ஸ்டார்ட்டர்ல (என்ஜினைச் சுத்திவிடுற மோட்டார்) தடிச்ச ஒயர் மாட்டியிருக்கிற போல்டுக்கு. இந்த கடைசி ரெண்டும் ஒயர்ல வழியிலேயே தொலையுற வோல்ட். 0.3க்கு மேல போனா சந்தேகம், 0.5ன்னா கண்டிப்பா தப்பு.

என்ஜின் ஓடும்போது 13.8லேர்ந்து 14.5க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) சரி. இதெல்லாம் சரியா இருந்து, ராத்திரியில மட்டும் சார்ஜ் இறங்கினாத்தான் திருட்டுக் கரன்ட் தேடணும். நெகட்டிவ் ஒயரைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில போட்டு நடுவுல சேர்த்து, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் கழிச்சு 50 மில்லி ஆம்பியருக்கு மேல காட்டினா ஃபியூஸை ஒவ்வொண்ணா பிடுங்கிப் பார்க்கணும். டேஷ்கேம், அப்புறம் வச்ச ஆம்ப்ளிஃபையர், இதுங்கதான் வழக்கமா மாட்டும். மீட்டர் அப்படி நடுவுல இருக்கும்போது தப்பித்தவறியும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

டேனரி_ரோடு_ட்ரம்:

பிரேக் அவசரமில்லை என்று மேலே சொன்னார்கள். செய்வதற்கு அவசரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பார்ப்பதற்கு இருக்கிறது. ஸ்டெப்னி மாற்றச் சக்கரம் கழன்ற அன்றே முன் பிரேக் பேட் எத்தனை மி.மீ. மிச்சம் என்று அந்தப் பெண் பார்த்திருக்க வேண்டும். உராயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றும் நேரம். உள்பக்கப் பேட்டையும் எட்டிப் பாருங்கள், கேலிப்பர் (பேட்டை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) பின் காய்ந்து இறுகினால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

பேட் மாற்றுவதை ஆறு மாதம் கழித்து, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம். இரண்டு விஷயம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஃப்ளூயிட் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வேலை முடிந்து வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதித்தாக வேண்டும். முதல் மிதி தரைவரை போகும், பிரேக்கே இருக்காது. பேட் மாற்றிய கையோடு பேஸ்மென்ட் தூணில் மோதுவது இப்படித்தான்.

பின்பக்க ட்ரம், ஏ.சி. கேஸ், ஏர்பேக் ஒயர் மூன்றும் வீட்டு வேலை இல்லை. இங்கே மழைக்கு ஒரு வார்த்தை: தேங்கிய தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளி வெளியே எடுக்க வேண்டும். உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தனியாக என்ஜின் காப்பு எடுக்காத பாலிசியில் அதற்குக் காசு வருவது கடினம்.

அல்சூர்_அப்பா:

மகள் நோட்டில் எழுதியது அப்படியே. காலை 7.10. ஓய்வில் 12.5. சாவி திருப்பும்போது தலைக்குத் தலை 11.1. நெகட்டிவ் தலை முதல் என்ஜின் வரை 1.6. பாசிட்டிவ் தலை முதல் ஸ்டார்ட்டர் வரை 0.2. ஓடும்போது 14.2. இதில் 1.6தான் தப்பு என்று அவளே வட்டம் போட்டிருக்கிறாள். சரியா?

பழைய_ஸ்பேனர்:

நூத்துக்கு நூறு சரி. பேட்டரி நல்லா இருக்கு, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. எர்த் வழியில, அதாவது நெகட்டிவ் ஒயர் பக்கம், 1.6 வோல்ட் தொலையுது. இப்ப அதே அளவைத் துண்டு துண்டா எடுக்கணும். ஈயத் தலையிலேர்ந்து அதுமேல இருக்கிற க்ளாம்ப்புக்கு, க்ளாம்ப்லேர்ந்து ஒயரோட மறுமுனை லக்குக்கு (போல்ட்ல மாட்டுற உலோக வளையம்), லக்லேர்ந்து அது திருகியிருக்கிற உலோகத்துக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை நீங்க சாவி திருப்பணும். 1.6ல பெரும்பங்கு எந்தத் துண்டுல வருதோ அங்கதான் வேலை.

கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. பாசிட்டிவை முதல்ல கழட்டினா ஸ்பேனர் மறுமுனை பாடியில பட்டதும் ஷார்ட். டெர்மினல் நட்டு 10 எம்.எம். வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊத்தினா பொங்கிக் கரைஞ்சிடும், அது பேட்டரி செல்லுக்குள்ள போகாம பார்த்துக்கங்க. லக்கும் அது உட்காருற இடமும் பளபளன்னு உலோகம் தெரியுறவரைக்கும் எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, அதுக்கப்புறம் மேல வாஸ்லின். முன்னாடியே நடுவுல தடவக் கூடாது. பேட்டரி கழட்டி மாட்டினதால ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், தானா சரியாகும்.

அல்சூர்_அப்பா:

கியர்பாக்ஸ் மேல் திருகியிருந்த லக்கில்தான் 1.4 தொலைந்தது. மேலே பார்க்கச் சுத்தமாக இருந்தது, கழற்றினால் அடியில் சாம்பல் நிறப் பொடி. தேய்த்து மாட்டினாள். இப்போது எர்த் வழி 0.1, சாவி தொட்டதும் ஸ்டார்ட். ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம்: முன்பு சாவி திருப்பும்போது பேட்டரி 11.1 காட்டியது, இப்போது 10.4தான் காட்டுகிறது. சரிசெய்த பிறகு ஏன் குறைய வேண்டும் என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய_ஸ்பேனர்:

நல்ல கேள்வி, அவங்க கிட்ட அப்படியே படிச்சுக் காட்டுங்க. முன்னாடி வழியில அடைப்பு இருந்ததால ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போதுமான அளவு போகவே இல்ல. பேட்டரி மேல பாரமே விழலை, அதனால 11.1லேயே நின்னுச்சு. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 11.1ல 1.6உம் 0.2உம் போக 9.3தான். இப்ப வழி திறந்துடுச்சு. ஸ்டார்ட்டர் முழுக் கரன்ட்டையும் இழுக்குது, பேட்டரி 10.4க்கு இறங்குது, ஆனா ஸ்டார்ட்டருக்கு 10.1 கிடைக்குது. 9.6க்கு மேல இருக்கிறதால பேட்டரியும் ஆரோக்கியம். 10.4ங்கிறதைத் தேதியோட நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க. அடுத்த வருஷம் இதே மாசம், இதே மாதிரி காலையில எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தா பேட்டரி எப்ப மாத்தணும்னு யாரையும் கேட்கவேண்டாம்.

சம்ப்_வாஷர்:

ஆயில் மாத்துற அன்னிக்கு வாஷர் ரெண்டா வாங்கி வைங்க. ஒண்ணு கை தவறிப் பழைய ஆயில் தட்டுக்குள்ள விழும்.